இடஞ்சுழி, வலஞ்சுழி

இந்தப் பெண்ணுக்கு என் முகம் தேவையே இல்லை. முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால்கூடக் கவனித்திருக்க மாட்டாள். இவளுக்கு உச்சந்தலை போதும். பூரணியையும் இதே நாற்காலியில்தான் உட்கார வைத்திருப்பாள், இதே சுவரைப் பார்த்தபடி. அப்போது பூரணி என்ன நினைத்திருப்பாள்? நிச்சயம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

இப்படி நினைத்தபடி தாரணி தலையைக் குனிந்து, டாக்டர் அஃப்ரின் சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே ஒரு சின்னக் கருவி வண்டு போல ரீங்கரித்துக்கொண்டு சுற்றி வந்தது. எதிர்ச் சுவரில் அவளுடைய தலை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். எல்லாம் உச்சியில் ஒரு புள்ளியில் கிளம்பி, வலப்பக்கமாகச் சுழன்று, நெற்றிக்கும் காதுகளுக்கும் பிடரிக்கும் பிரிந்து ஓடின.

"இது நீங்க மேடம். கடிகாரம் சுத்தற பக்கம்," என்றாள் டாக்டர். சுவரில் பக்கத்திலேயே இன்னொரு தலை வந்தது. அதே கோடுகள், அதே வளைவு. சுழி மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றியது. "இது உங்க சிஸ்டர். வயித்துல ஒரே கரு ரெண்டாப் பிரியறது கொஞ்சம் லேட்டானா இப்படி ஆகும். ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கண்ணாடி மாதிரி. நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல."

மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தினேஷ் எழுந்து வந்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இதத் திருப்பி அது மாதிரி ஆக்கிட்டா முடிஞ்சுது, இல்லீங்களா?"

"ஆக்கலாம் சார். முடி வளக்கறது இப்ப ஒரு வேலையே இல்ல, கீரை மாதிரி வளக்கறோம். திசைதான் வேலை. ஒவ்வொரு முடியும் தோலை விட்டு ஒரு சாய்வுல வெளிய வருது. நெத்திகிட்ட முன்னாடி பாத்து வரும், காதுகிட்ட தோலோட படிஞ்சு கீழ பாத்து வரும், உச்சியில சுத்திக்கிட்டு வரும். பொறக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிட்ட விஷயம். அத மாத்தி நட்டா எங்க தப்புன்னு யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனா பாக்கறவங்களுக்கு ஏதோ உறுத்தும்."

"எனக்குச் சொல்றீங்களா," என்றான் தினேஷ்.

தாரணிக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வயதில் தலை வழுக்கையானபோது அவன் யாரிடமும் சொல்லாமல் மலிவாக ஓரிடத்தில் முடி நட்டுக்கொண்டு வந்தான். அவர்கள் அத்தனையையும் நேராக நட்டிருந்தார்கள். தலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கவிழ்த்தது போலிருந்தது. பூரணி அவனைப் பார்த்த மாத்திரத்தில், "அண்ணா, கொலுவுல வெக்கறதுக்கு ஒரு பொம்மை கொறையுதுன்னு அம்மா சொல்லிட்டிருந்தாங்க," என்றாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். உடனே கையை எடுத்துவிட்டாள். "இது ஆரு தலைடா?" என்று கேட்டாள். பல வருடம் கழித்து இந்த அஃப்ரினிடம் வந்துதான் அவன் அதைச் சரிசெய்துகொண்டான்.

"எனக்கு எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டாள் தாரணி.

"பிடுங்க மாட்டோம். வேர் இருக்கற இடத்துலயே சுத்தித் தோலை இளக்கி, சாய்வை மட்டும் மாத்தி, அப்படியே ஆற விட்டுருவோம். வலிக்காது."

"பழையபடி வேணும்னா?"

டாக்டர் கருவியை நிறுத்தினாள். "ஒரு தடவைதான் மேடம் தாங்கும். ரெண்டாவது தடவை திருப்பினா வேர் செத்துரும்."

தினேஷ் தங்கையின் தோளில் கை வைத்தான். "பழையபடி எதுக்கு வேணுங்குது இவளுக்கு? இனி பொண்ணு பாக்கவா வரப் போறாங்க?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. ஓசூரில் தனி வீடு, நல்ல வேலை, மாலையில் நடைப்பயிற்சி. அவளுடைய தலை எந்தப் பக்கம் சுழிகிறது என்று தெரிந்த மனிதர் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி, பூரணி, போன மாசியில் இறந்துவிட்டாள். இன்னொருத்தி சாயிபாபா காலனி வீட்டில், கண் தெரியாமல், சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்.

காரில் திரும்பும்போது தினேஷ் பேசிக்கொண்டே வந்தான். தாரணி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள், பழைய நினைவில்.

அது கொரோனா வருடம். பள்ளிக்கூடம் அப்பாவின் கைபேசிக்குள் நடந்தது. இரட்டையருக்கு ஒரே போன் என்பதால் இருவரும் ஒட்டி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையை இழுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்ப்பாள். ஒருத்திக்கு முடிந்ததும் மற்றவள். எங்கும் போகாத நாட்களாதலால் அம்மாவுக்கு அவசரமே இல்லை. டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது தாரணியின் பெயருக்குப் பூரணியும், பூரணியின் பெயருக்குத் தாரணியும் குரல் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். டீச்சருக்குத் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது. இருவரின் முகமும் குரலும் ஒன்றுதான். அம்மா மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையில் குட்டுவாள். "எங்கிட்டயேவா? கை சொல்லுது கண்ணு. இது வலம் சுத்துது. நீ தாரணி."

ஊரே பயந்து கிடந்த வருடம் அது. பிற்பாடு அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அதைக் கெட்ட காலம் என்றுதான் சொன்னார்கள். தாரணியும் ஆமாம் என்பாள். ஆனால் அதைவிட நல்ல வருடம் ஒன்று அவளுக்குப் பிறகு வரவில்லை. வெளியே தெரு வெறிச்சென்று கிடக்க, விரல்கள் முடியின் போக்கிலேயே மெதுவாகப் போய், சுழியில் வந்து நின்று, ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பப் புறப்படும். தான் தாரணி என்று அவளுக்கு முதன்முதலில் தெரிந்தது அந்த விரலால்தான். பெயர் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பினார்கள். அந்த விரல் மட்டும் தவறியதில்லை.

"கேக்கறியா?" என்றான் தினேஷ். "அடுத்த வாரம் மூக்குல ட்யூப் போட்டுரலாம்னு நர்ஸ் சொல்லுது. கையக் கட்டி வெக்கணுமாம், இல்லாட்டி புடுங்கிருவாங்களாம். அம்மாவ அப்படிப் பாக்க முடியுமா உன்னால?"

"முடியாதுண்ணா."

"அப்பறம் என்ன? உனக்கு முடியத் திருப்பினாப் போதும். உயிரையா கேக்கறாங்க?"

 அவன் சொல்வதில் அவளால் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா போன பிறகு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு அம்மாவோடு இருந்தவள் பூரணி. அம்மாவின் பார்வை மங்கியபோதும், பிறகு மறதி வந்தபோதும் கூட இருந்தவள் அவள். தாரணி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போனாள். பூரணிக்கு நோய் முற்றிய பிறகுதான் லீவு போட்டுவிட்டு வந்து தங்கினாள். இப்போது அம்மா, சோற்றுக் கிண்ணத்தின் சத்தம் கேட்டாலே வாயை இறுக்கிக்கொண்டு, "பூரணி வரட்டும்," என்கிறாள். தாரணி ஊட்டப் போனால் கை நீண்டு தலையைத் தடவும். சுழி வரைக்கும் போகும். "நீ தாரணி," என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சென்ற வாரம் முழுவதும் இரண்டு தம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை.

வீட்டில் தினேஷ் பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். பூரணியின் சவுரித் தொப்பி. மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்னால், முடி கொட்டிவிடும் என்று தெரிந்து, அஃப்ரினிடம் போய்த் தன் தலையைப் படமெடுக்கச் சொல்லி, அதே திசைகளில் ஒவ்வொரு முடியாக நட்டுச் செய்துகொண்டது. கண்ணாடிக்காக அல்ல. அம்மாவின் கைக்காக. நோய் இருப்பதே அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று பூரணி கடைசிவரை பிடிவாதமாக இருந்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் இதப் போட்டுட்டு ஊட்டிப் பாரு," என்றான். "சாப்பிட்டாங்கன்னா டாக்டருக்கு நாளைக்கே வர்றோம்னு சொல்லிர்றேன்."

"இதையே தினமும் போட்டுக்கறேனே. தலையை எதுக்குத் திருப்பணும்?"

"அம்மா எண்ணெய் தேய்க்கறேன்னு தலைய இழுத்தா என்ன பண்ணுவே? தொப்பி கழண்டுருமே. பூரணியே எத்தன பொய் சொல்லிச் சமாளிச்சா. உனக்கு அந்த வாய் கெடையாது தாரு."

அது உண்மைதான்.

குளியலறையில் தொப்பியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை காலமும் கண்ணாடியில் அவள் பார்த்தது பூரணியைத்தான். வலம் இடமாகித் தெரியும் பிம்பத்தில் முடி விழுவதும் வகிடு சாய்வதும் பூரணியுடையவை. ஓசூரில் தனியாக இருந்த வருடங்களில் காலையில் பல் துலக்கும்போது எதிரே தங்கை நிற்பது போலிருக்கும். அது ஒரு துணை. பூரணி போன பிறகும் அது போகவில்லை. இன்று பூரணியின் முடியைப் போட்டுக்கொண்டதும், கண்ணாடிக்குள் முதல்முறையாகத் தாரணி நின்றாள். நாற்பத்தெட்டு வயது, ஒட்டிய கன்னம், களைத்த கண்கள். வெளி ஆட்கள் பார்க்கும் முகம் இதுதானா? அவள் அதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுகந்தி டீச்சர் என்று ஒரு காலத்தில் அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இப்போது சேலைக்குள் ஒரு பிடி எலும்பு. தினேஷ் கதவோரம் நின்றுகொண்டான்.

"ஆரு?" என்றாள் அம்மா.

தாரணி கட்டிலில் உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். அம்மாவின் கை வந்தது. நெற்றியைத் தொட்டது. வகிட்டைத் தேடியது. முடியின் போக்கிலேயே மேலேறி, உச்சியில் நின்று, ஒரு விரல் மட்டும் மெதுவாகச் சுற்றியது. இடப்பக்கமாக.

அம்மாவின் முகம் மலர்ந்ததைத் தாரணி மிக அருகில் பார்த்தாள். தன்னைத் தொட்டபோது ஒருநாளும் அந்த முகம் இப்படி ஆனதில்லை என்ற எண்ணம் வந்தது. அதை உடனே தள்ளினாள். தள்ளினாலும் அது போகவில்லை.

"வந்துட்டியா சாமி," என்றாள் அம்மா.

"வந்துட்டேம்மா."

"பசிக்குது."

முதல் வாயை அம்மா வாங்கிக்கொண்டாள். இரண்டாவதையும். மென்று விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. தினேஷ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையைப் பார்த்துத் தலையாட்டினான்.

"எங்க போயிருந்தே இத்தன நாளு?"

"ஸ்கூல்ல வேலைம்மா."

"நெய் கம்மியா இருக்குது. தாரணி செஞ்சாளா?"

"ஆமா."

"எங்க அவ?"

"வெளிய போயிருக்கா."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவ காதுல உழுகாம ஒண்ணு கேக்கறேன். நீ செத்துப் போயிட்டேன்னு சொன்னா புள்ள."

தாரணியின் கை தட்டிலேயே நின்றது.

"எல்லாரும் ஒவ்வொண்ணு சொன்னாங்க. ஊருக்குப் போயிருக்கான்னு தினேசு சொன்னான். ஆஸ்பத்திரியில இருக்கான்னு நர்ஸ் சொன்னா. தாரணிதான் உக்காந்து கையப் புடிச்சுட்டுச் சொன்னா. நான் அவள வெளிய போடீன்னு கத்திட்டேன். அழுதுட்டுப் போனா." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்பறம் படுத்துட்டு நெனச்சுப் பாத்தேன். நீ எங்கிட்டப் பொய் சொல்லுவே பூரணி. என் நல்லதுக்குச் சொல்லுவே. தலை ஏன் இப்படிச் சில்லுன்னு கெடக்குதுன்னு கேட்டா ஏசின்னு சொல்லுவே. எனக்குத் தெரியாதா? போனாப் போவுதுன்னு உட்டுருவேன். ஆனா அவ சொன்னதில்ல. சின்னதுல இருந்தே. அடி வாங்குவாளே தவிரப் பொய் சொல்ல மாட்டா."

அந்தக் கை இன்னும் தலையிலேயே இருந்தது.

"சொல்லு சாமி. தாரணி எங்கிட்டப் பொய் சொல்லுவாளா?"

கதவோரத்தில் தினேஷ் வேகமாகத் தலையை ஆட்டினான். சொல்லுவாள் என்று சொல், என்று உதட்டை அசைத்தான். தாரணி அவனைப் பார்த்தாள். மிகச் சுலபமான ஒரு சொல். அதைச் சொன்னால் பூரணி பிழைத்துக்கொள்வாள், சோறு இறங்கும், மூக்கில் குழாய் வேண்டாம். அம்மாவுக்கு இனி எல்லாமே கையும் காதும்தான். கையை ஏமாற்றியாகிவிட்டது. காதுக்குக் கிடைத்த ஒரே ஒரு நம்பிக்கையான குரலை, அந்தக் குரலை வைத்தே பொய்யாக்க வேண்டும். அதற்குப் பிறகு இருட்டில் அம்மா எதைப் பிடித்துக்கொள்வாள்?

"சொல்ல மாட்டாம்மா," என்றாள்.

அம்மாவின் வாய் மெல்வதை நிறுத்தியது. வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினாள்.

"அப்ப நீ ஆரு?"

தினேஷ் உள்ளே வந்தான். "அம்மா, அவ பூரணிதான், வேலை அலுப்புல ஏதோ…"

"நீ பேசாத தினேசு."

தாரணி தட்டைக் கீழே வைத்தாள். தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றி மடியில் வைத்தாள். அம்மாவின் கை காற்றில் நின்றது. அதைப் பிடித்துத் தன் தலையின் மேல் வைத்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு உச்சிக்குப் போனது. விரல் சுற்றியது. வலப்பக்கமாக.

"தாரணி."

"ஆமாம்மா."

"அவ இல்ல."

"இல்லம்மா."

அம்மா அழுவாள் என்று நினைத்தாள். முன்பு போலக் கத்துவாள், வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தாள். அம்மா விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டு கடந்து போனது. 

"தலைக்கு எண்ணெய் வெக்கறதில்லியா நீ?" என்றாள் அம்மா. "காஞ்சு கெடக்குது."

"வெக்கறேம்மா."

"எனக்கு எல்லாம் மறந்துருது கண்ணு. சாயங்காலத்துக்குள்ள இதுவும் மறந்துரும். மறுபடி அவளத் தேடுவேன். மறுபடி நீ சொல்லோணும். உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்." அம்மா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். சோற்று வாசம் அடித்த மூச்சு தாரணியின் கன்னத்தில் பட்டது. "எனக்குத் தெரியுது நீ ஆருன்னு. இருந்தாலும் பூரணின்னு சொல்லிரு. ஒரே ஒரு வாட்டி. நான் சாப்பிட்டுக்கறேன்."

"சொல்லிரு தாரு," என்றான் தினேஷ். அவன் குரல் உடைந்திருந்தது. "அவங்களே கேக்கறாங்க. இனி என்ன?"

தாரணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது எதிர்பார்ப்போடு இருந்தது. பார்வை இல்லாத கண்கள் அவளுடைய காதுக்குச் சற்று மேலே எங்கோ நிலைத்திருந்தன. இவள் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? எதையுமே இவள் என்னிடம் கேட்டதில்லை. எல்லாவற்றையும் பூரணியிடம்தான் கேட்டாள். இதுதான் முதல்.

"நான் தாரணிம்மா," என்றாள் மெதுவாக.

ஆறிப்போன சோற்றைத் தட்டின் ஓரத்தில் மறுபடி பிசைந்து, ஒரு வாய் எடுத்து அம்மாவின் உதட்டருகே கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.